படிச்சுட்டுத் தர்றேன் அண்ணே!

வெளியூர்க்காரர்கள் ராமநாதபுரத்துக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர் 'தண்ணியில்லாக் காடு'. சர்க்கார் உத்தியோகத்தில் மேலதிகாரியை முறைத்துக்கொண்டால் இங்கேதான் தூக்கி அடிப்பார்கள் என்று காலங்காலமாக ஒரு பேச்சு. சினிமாவில் அமைச்சர் மிரட்டும்போதுகூட எங்க ஊரைச் சொல்லித்தான் மிரட்டுகிறார்.

எங்களுக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு சின்ன லாபமும் உண்டு. அப்படித் தூக்கி அடிக்கப்பட்டு வந்த ஆசாமிகளில் ஒன்றிரண்டு பேராவது புத்தகப் பைத்தியமாக இருப்பார்கள். தாலுகா ஆபீஸ், பேங்க், பள்ளிக்கூடம்... குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஒற்றை ரூமில் தனிக்கட்டையாகக் கிடக்கிற மனுஷன் சாயங்காலம் என்ன செய்வார்? படிப்பார். படித்ததைப் பேச ஆள் தேடுவார். பேச வேண்டுமென்றால் எதிராளியும் அதைப் படித்திருக்க வேண்டுமே! "இந்தா தம்பி, படிச்சுட்டுக் கொடு."

இரண்டு வருஷத்தில் மறுபடி ஆர்டர் வரும். மனுஷன் போய்விடுவார். புத்தகம் இங்கேயே தங்கிவிடும். (திருட்டு இல்லை ஸார்... இரவல்!)

எல்லாப் புத்தகத்துக்கும் இப்படிப் பேச்சுத் துணை தேவைப்படாது. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய பாக்கெட் நாவல்களை நான் குறை சொல்ல மாட்டேன். ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் இல்லாமல் ராமநாதபுரம் - மதுரை பஸ் பிரயாணம் எத்தனை பேருக்கு எப்படிக் கழிந்திருக்குமோ! கொலை செய்தது யார் என்று தெரிந்ததும் புத்தகத்தைப் பக்கத்து ஸீட்டுக்காரரிடம் சந்தோஷமாகத் தள்ளிவிடலாம். திரும்பி வராவிட்டாலும் பாதகமில்லை. தத்துவம் பேசுகிற நாவல் வேறு ரகம். முடித்த பிறகுதான் தொல்லையே ஆரம்பம். ராத்திரி படுத்தால் கதாபாத்திரம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீ சொல்லு, நான் செஞ்சது சரியா?" என்று கேட்கும். பதில் சொல்ல ஒற்றை ஆளால் முடியாது. இன்னொருத்தனைப் பிடித்துப் போட்டே ஆக வேண்டும்.

அப்படி ஒரு புத்தகம் மண்டபத்தில் எங்க பெரியம்மா வீட்டு மர பீரோவில் இருந்தது. ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்'. கடையில் விற்ற புத்தகம் இல்லை. அந்த நாவல் ஆனந்த விகடனில் வாரா வாரம் தொடராக வந்து, 1973-ல் புத்தகமானது. தொடராக வந்தபோதே பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டு, முதுகில் காலிகோ துணி ஒட்டிய 'வீட்டு பைண்டிங்'. தமிழ்நாட்டில் இந்தக் கைத்தொழில் தெரியாத குடும்பம் அப்போது குறைவு. கல்கியின் பொன்னியின் செல்வன் எத்தனை வீடுகளில் இந்த ரூபத்தில் இருந்தது என்பது உங்க பாட்டிக்குத் தெரியும்.

வீட்டு பைண்டிங்கில் ஒரு விசேஷம். கதைப் பக்கத்துக்குப் பின்னால் அந்த வார இதழின் மிச்சம் மீதியும் சேர்ந்தே வரும். பாதி ஜோக் இருக்கும், மீதி ஜோக் எங்கேயோ போயிருக்கும். டாக்டரிடம் ஒரு நோயாளி கேள்வி கேட்டுவிட்டு ஐம்பது வருஷமாகப் பதிலுக்குக் காத்திருப்பார்!

கதையைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி. பெற்றவர்கள் யாரென்றே தெரியாத வளர்ப்புப் பிள்ளை ஹென்றி. ஜாதி, மதம் எதுவும் ஒட்டாமல் வளர்ந்தவன். அவனை வளர்த்த சபாபதிப் பிள்ளையை 'பப்பா' என்பான். அவர் இறந்த பிறகு, அவர் விட்டுப்போன வீட்டைத் தேடி கிருஷ்ணராஜபுரம் என்கிற கிராமத்துக்கு வருகிறான். அங்கே பப்பாவின் தம்பி துரைக்கண்ணு இருக்கிறார். சொத்துத் தகராறு வெடிக்கப் போகிறது என்று ஊர் வேடிக்கை பார்க்கக் காத்திருக்கிறது. கடைசியில் ஒருத்தர் கொடுக்கிறேன் என்கிறார், இன்னொருத்தன் எனக்கு எதுக்கு என்கிறான். அந்த இடிந்த வீட்டில் வாழ்ந்தால் போதும் அவனுக்கு. எதையும் 'என்னுது' என்று சொல்லாத மனுஷன் ஒருத்தன் ஊருக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் மொத்த நாவலும்.

பைண்டிங்கின் முதல் வெள்ளைத்தாளில் பெரியப்பா கட்டம் போட்டு வைத்திருந்தார். பெயர், வாங்கிய தேதி, கொடுத்த தேதி. மொத்தம் பதினொரு பேர். நான் பி.காம். படித்தவன். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் பேரேடு மாதிரியே தெரிந்தது. இரவல் போன புத்தகத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? வாங்கியவர் பெயரில் பற்று வைக்கலாம். ஆறு மாசம் கழித்து அதை ஐயக்கடனுக்கு மாற்றணும். ஒரு வருஷம் ஆனால் வாராக்கடன். தேய்மானம் வேறு போட வேண்டும். எண்ணெய்க் கை, காபிக் கறை, நாய்க்காது மடிப்பு... பதினொரு பேர் கை மாறின சாமானுக்குக் கணக்குப்பதிவியல்படி மதிப்பு சைபர்தான்.

உள்ளே புரட்டினால் கணக்கு தலைகீழ்.

ஹென்றி சொத்து வேண்டாம் என்கிற இடத்தில், ஓரத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருக்கிறார்கள்: 'முட்டாள்.' அதற்குக் கீழே நீல மையில் இன்னொரு கையெழுத்து: 'முட்டாள் அவன் இல்லை, நீங்கள்தான்.' அதற்கும் கீழே, மூன்றாவது ஆசாமி: 'இருவரும் சண்டை போடாமல் அடுத்த பக்கம் போகவும்.' அடுத்த பக்கம் போனால் அங்கேயும் சண்டை! இவனை மாதிரி ஒருத்தன் வேலை வெட்டி இல்லாமல் வாழ அவன் அப்பா சம்பாதித்த பணம் இருக்கிறது, நமக்கு இருக்கிறதா என்று ஒருத்தர். பணம் இருக்கிறவன் எல்லாம் இப்படி இருக்கிறானா என்று அடுத்தவர். முதல் ஆசாமி வாங்கிப் போனது 1978-ல். மூன்றாவது ஆசாமி 1984-ல். இடையில் ஆறு வருஷம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இருக்க மாட்டார்கள். புத்தகத்தின் ஓரத்தில் திண்ணை போட்டு உட்கார்ந்து வாதம் பண்ணியிருக்கிறார்கள்!

என்னை நிறுத்தி வைத்தது வேறொரு குறிப்பு. நாவலில் வாத்தியார் தேவராஜனின் அக்கா அக்கம்மாள் வருகிறாள். விதவை. வந்தவனுக்கெல்லாம் முகம் கோணாமல் சோறு போடுகிறவள். நம்மில் பலபேர் அவளைப் 'பாவம், நல்லவ' என்று நினைத்துக்கொண்டு தாண்டிவிடுவோம். அந்தப் பக்கத்தின் அடியில் குண்டு குண்டான, நேர்த்தியான எழுத்தில் ஒரு கேள்வி: 'ஹென்றிக்கு வீடு கிடைத்தது. அக்கம்மாளுக்கு வீடு எது?'

ஒரு மனிதன், ஒரு வீடு, ஒரு உலகம் என்று தலைப்பு வைத்த நாவலிடம் இதைவிட நேராக ஒரு கேள்வி கேட்க முடியுமா என்று தெரியவில்லை. விமர்சனக் கட்டுரைகள் நிறையப் படித்திருக்கிறேன். அந்த ஒரு வரி அளவுக்கு எதுவும் உறைக்கவில்லை.

யார் எழுதியது? பேரேட்டைப் பார்த்தேன். பதினொரு பெயரில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பெரியப்பா அடைப்புக்குறிக்குள் 'ஏழாம் வகுப்பு' என்று எழுதியிருந்தார். பெரியம்மாவிடம் கேட்டேன். சிரித்தார்.

"ஏழாவது படிக்கிறவன் ஜெயகாந்தனைப் படிப்பானாடா? அவன் அக்கா படிச்சா. அவ வாசலுக்கு வரக்கூடாது, தம்பிய அனுப்புவா."

அந்தக் காலத்தில் வயசுக்கு வந்த பெண் லைப்ரரிக்குப் போவது இந்தப் பக்கத்து ஊர்களில் லேசில் நடக்காது. கதைப் புத்தகம் படித்தால் கெட்டுப்போவாள் என்கிற பேச்சு எல்லா மதத்திலும் எல்லாத் தெருவிலும் சமமாக இருந்தது. அதில் மட்டும் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை. தம்பிமார், டியூஷன் பையன்கள், பால்காரம்மா என்று யார் கையிலாவது புத்தகம் கதவு தாண்டிப் போகும், வரும். பேரேட்டில் தம்பி பெயர். ஓரத்தில் அக்காவின் கேள்வி. அதற்குப் பிறகு வாங்கிய நாலு பேரில் ஒருத்தர்கூட அந்தக் கேள்விக்குக் கீழே பதில் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'முட்டாள்' என்றால் மட்டும் வரிந்து கட்டிக்கொண்டு வந்தவர்கள்!

தத்துவத்தைக் கதைக்குள் வைத்துக் கொடுப்பது தமிழுக்குப் புதுசு இல்லை. தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்றான கமலாம்பாள் சரித்திரமே அந்த ரகம்தான். வத்தலக்குண்டு ராஜமய்யர் 1893-ல் 'விவேக சிந்தாமணி' மாதப் பத்திரிகையில் தொடராக ஆரம்பித்து, 1896-ல் புத்தகமாக்கினார். முதல் பாதியில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்று ஒரு தமிழ்ப் பண்டிதர் வந்து வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார். பின்பாதியில் வேதாந்தம். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவனைக் கதவைச் சாத்திவிட்டு உபதேசம் பண்ணுகிற உத்தி! 1896-ல் சென்னையில் ஆரம்பித்த 'பிரபுத்த பாரதா' ஆங்கிலப் பத்திரிகைக்கு முதல் ஆசிரியரும் அவரே. விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி 1897 ஜனவரி 26-ல் எங்க பாம்பனில் கால் வைத்தபோது, பாஸ்கர சேதுபதி மகாராஜா ஓடிவந்து வரவேற்றார். தெருவெல்லாம் வேதாந்தம் பேசின காலம். ராஜமய்யர் அடுத்த வருஷமே, 26 வயதில் போய்விட்டார்.

கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 1997-ல் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்'. எண்ணூறு பக்கத்துக்கு மேல். பௌத்தமும் வைதிகமும் பக்கம் பக்கமாக வாதிடுகிற நாவல். வெளியிட்டது சிவகங்கைக் கவிஞர் மீராவின் 'அகரம்'. (சிவகங்கை 1985 வரை எங்க ராமநாதபுரம் ஜில்லாதான். உரிமை கொண்டாட ஒரு சந்தர்ப்பத்தை விடுவோமா!) தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்று கிண்டல் பண்ணினவர்கள் உண்டு. அந்த நாவலின் பெயரிலேயே 2009-ல் வாசகர்கள் ஒரு இலக்கிய வட்டம் ஆரம்பித்து, அடுத்த வருஷத்திலிருந்து விருதும் கொடுத்து வருகிறார்கள். கனமான நாவலை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது, நாலு பேர் சேர்ந்து பிடிக்கணும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இந்தக் கடற்கரையில் அச்சடித்த காகிதம் கைக்கு வந்து சேருவதே ஒரு சாகசமாக இருந்த காலம் உண்டு. அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுக'ளில் எழுதியிருப்பது நிறையப் பேருக்கு நினைவிருக்கும். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் சம்சுதீன்தான் ராமேஸ்வரத்துக்கே ஒரே பேப்பர் ஏஜென்ட். படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர். அவர்களுக்குப் பாம்பனிலிருந்து வரும் காலை ரயிலில்தான் பத்திரிகை. அதிலும் தினமணிக்குத்தான் கிராக்கி. இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில், ஓடுகிற ரயிலிலிருந்து கட்டுக் கட்டாகத் தூக்கி வீசுவார்கள். அதைப் பொறுக்கிச் சேர்க்க சம்சுதீனுக்கு ஒரு கை தேவைப்பட்டது. அந்தக் கைதான் கலாம். வாழ்க்கையில் வாங்கிய முதல் சம்பளமும் அதற்குத்தான்.

பேப்பர் கட்டு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே ராமேஸ்வரத்தில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்று ஒரு தேசியவாதி இருந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. வீட்டிலேயே பெரிய நூலகம் வைத்திருந்தவர். தோணிக்காரர் வீட்டுப் பையனுக்கு, போய்க் கேட்டபோதெல்லாம் புத்தகம் இரவல் கொடுத்து, படி படி என்று உற்சாகப்படுத்தியவர். கலாம் அவரை மறக்காமல் எழுதி வைத்தார். பின்னால் சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கின 'லைட் ஃப்ரம் மெனி லாம்ப்ஸ்' என்ற நூலைப் பற்றியும் மேடைக்கு மேடை சொன்னார். அதுவும் முன்னால் யாரோ படித்து முடித்த புத்தகம்தானே!

ரயிலில் வந்த காகிதம் ராமேஸ்வரத்தோடு நிற்கவில்லை. 1914-லிருந்து சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே கப்பல். சுமார் 30 கிலோமீட்டர் கடல் தாண்டினால் தலைமன்னார். மறுபடி ரயில், கொழும்பு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போன பிறகு, கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்டது. 1980-களில் அதுவும் நின்றது. இங்கே அச்சாகிற தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அந்தக் கரையில் பெரிய வாசகர் கூட்டம். 1970-களின் ஆரம்பத்தில் இந்தியப் பத்திரிகை இறக்குமதிக்கு இலங்கை அரசு கட்டுப்பாடு போட்டது. அங்கிருந்த எழுத்தாளர்களுக்கு அதனால் ஒரு நன்மையும் நடந்தது; வீரகேசரி மாதிரியான பதிப்பகங்கள் ஈழத்து நாவல்களை மளமளவென்று போட்டன. ஆனால் ஹென்றி கதை இங்கே விகடனில் வந்ததும் அதையொட்டிய காலம்தான். அப்படிப்பட்ட நாளில் அந்தக் கரைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்த ஒரு பிரதி எத்தனை கை மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கேதான் என் வாராக்கடன் கணக்கு என்னைக் கேலி செய்கிறது.

1981 மே 31-ம் தேதி ராத்திரி தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்கள். ஓலைச்சுவடிகள் உட்பட எரிந்தன. அலமாரியில் ஒழுங்காக, அட்டவணைப்படி, தூசு தட்டி வைக்கப்பட்டிருந்த புத்தகம் எதுவும் மிஞ்சவில்லை. அப்படியானால் அந்த நூலகத்துப் புத்தகங்களில் எவை தப்பியிருக்க முடியும்? அன்றைக்கு யார் வீட்டிலோ இரவலில் இருந்தவை மட்டும்தான். டியூ டேட் தாண்டியும் திருப்பிக் கொடுக்காத சோம்பேறி எவனோ, அவன் தலைமாட்டில் கிடந்த புத்தகம் மட்டும்தான்!

இரண்டு வருஷம் கழித்து, 1983 ஜூலைக்குப் பிறகு, படகு படகாக ஜனங்கள் இந்தக் கரையில் வந்து இறங்கினார்கள். பழைய காலத்தில் இலங்கைக்குப் போகிற தோட்டத் தொழிலாளர்களை நோய்ச் சோதனைக்கு அடைத்து வைத்த அதே மண்டபம் முகாம், வந்தவர்களுக்கு வீடானது. வீடு, ஊர், பத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களிடம் 'என்னுது என்று எதுவும் வேண்டாம்' என்கிற ஹென்றியின் தத்துவத்தைச் சொன்னால் என்ன சொல்வார்கள்? அவன் வேண்டாம் என்று சொல்ல அவனிடம் முதலில் ஏதோ இருந்தது. பிடுங்கப்பட்டவனுக்கு அந்த வசதி கிடையாது. முகாம் வேலிக்கு இரண்டு மைல் தள்ளி, மர பீரோவில் இருந்த அந்த பைண்டிங்கில், பேரேட்டின் ஒன்பதாவது பெயர் முகாம்காரருடையது. வாங்கிய தேதி 1985. பதினைந்தே நாளில் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஓரத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. இரவல் வாங்கின பொருளில் கிறுக்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். வேறு மாதிரியும் இருக்கலாம். பிரிந்திருந்த முதுகை மட்டும் புது நூல் போட்டு அழுத்தமாகத் தைத்துக் கொடுத்திருக்கிறார். வலை தைக்கிற முடிச்சு. இன்றுவரை அவிழவில்லை.

இப்போது இரவலுக்கு வேறு வழி வந்துவிட்டது. செல்போனில் பிடிஎஃப். ஒரே விநாடியில் முந்நூறு பேருக்கு அனுப்பலாம். எழுதினவருக்குப் பைசா கிடையாது. "இரவலில் மட்டும் கிடைக்குதாக்கும்?" என்பீர்கள். இரவல் வாங்கிப் படித்துப் பித்துப் பிடித்தவன் என்றைக்காவது காசு கொடுத்துச் சொந்தமாக வாங்குவான். நானே ஹென்றியை இரண்டு தடவை வாங்கிவிட்டேன், இரண்டும் இப்போது என்னிடம் இல்லை. பிடிஎஃப் அனுப்பியவர் எவரும் என்னிடம் "படிச்சாச்சா தம்பி?" என்று கேட்டதில்லை. திருப்பித் தர வேண்டியதில்லை என்பதால் படிக்க வேண்டியதும் இல்லை என்று ஆகிவிட்டதோ என்னவோ. கையில் இருப்பது ஒரே பிரதி, அடுத்தவன் காத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நிற்பான் என்கிற பயம் எத்தனையோ பேரை எண்ணூறு பக்கம் தாண்ட வைத்திருக்கிறது.

ராமநாதபுரத்தில் இப்போது புத்தகத் திருவிழாவெல்லாம் நடக்கிறது. பெண்கள் யார் பின்னாலும் ஒளியாமல் பை நிறைய வாங்கிப் போகிறார்கள். போன தடவை போயிருந்தபோது ஜெயகாந்தன் ஸ்டாலில் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், ஆளுக்குப் பாதி காசு போட்டு இதே நாவலை வாங்கினார்கள். முதலில் யார் படிப்பது என்று அங்கேயே தகராறு. நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "அக்கம்மாளைக் கவனிச்சுப் படிங்கம்மா" என்றேன். யார் இந்த ஆளு என்கிற மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

பேரேட்டில் பன்னிரண்டாவது பெயர் என்னுடையது. வாங்கிய தேதி போட்டிருக்கிறது. கொடுத்த தேதி... பெரியம்மா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் யாராவது இந்த இதழை அவருக்கு இரவல் கொடுத்துவிட வேண்டாம்!